வாசனை மெழுகுவத்தி: எண்ணெய் வாங்குவதிலிருந்து ஏற்றிப் பார்ப்பதுவரை

மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொள்ள என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரு சின்னப் புட்டியோடுதான் வருவார்கள். என்ன எண்ணெய் என்று கேட்டால் "ரோஸ்" என்பார்கள். ரோஸ் சரி, எதில் கலந்த ரோஸ்? அதற்குப் பதில் இருக்காது. புட்டிமேல் பெயர் எழுதிய ஸ்டிக்கர் மட்டும் இருக்கும்.

மெழுகு உருக்குவது, திரி ஒட்டுவது, அச்சில் ஊற்றுவது எல்லாம் ஒரே மதியத்தில் கைக்கு வந்துவிடும். வாசனை எண்ணெயில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், அதுவும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பாதி வேலையில் எழுந்துபோய்க் கரண்டி தேடும் நேரத்தில்தான் மெழுகு அளவுக்கு மீறிச் சூடேறும். எல்லாம் மேஜைக்கு வந்த பிறகே அடுப்பைத் தொடுங்கள்.

ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். சோதனைக்காக 100, 200 கிராம் மெழுகில் செய்வதானால் 0.1 கிராம் காட்டும் பாக்கெட் தராசு இன்னும் நல்லது. சமையலுக்கு விற்கும் தெர்மாமீட்டர் ஒன்று. காய்ச்சல் பார்ப்பது இதற்கு உதவாது. நீர் கொதிக்க ஓர் அகலப் பாத்திரம், அதற்குள் வைக்கக் கைப்பிடியுள்ள எவர்சில்வர் ஜக். அந்த ஜக்கின் வாயை முழுதாக மூடும் ஒரு தட்டு. இந்தத் தட்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தீப்பிடித்தால் முதலில் கை போக வேண்டியது அதில்தான்.

கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். சாதாரண ரப்பர் கையுறை எண்ணெய் பட்டால் இளகிப்போகும். எண்ணெயை நிறுக்கக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணம். தெர்மாகோல் கப்பில் ஆரஞ்சு எண்ணெய் ஊற்றிப் பாருங்கள், கப்பே கரைந்து ஓட்டை விழும். மேஜையின் வார்னிஷையும் அது அப்படித்தான் தின்னும், எனவே கீழே ஒரு தட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும்.

2. எந்த எண்ணெய் என்று முடிவு செய்யுங்கள்

கடையில் "சென்ட்" என்று கேட்டால் ஐந்தாறு வகையில் எதையும் எடுத்துக் கொடுப்பார்கள். மெழுகுக்கு ஆகாதவற்றை முதலில் ஒதுக்கிவிடுவோம்.

உடம்பில் அடித்துக்கொள்ளும் பெர்ஃப்யூம், ரூம் ஸ்பிரே: இவற்றில் பெரும்பகுதி ஆல்கஹால். எத்தனால் 78 டிகிரியில் கொதித்துவிடும். உங்கள் மெழுகோ 80 டிகிரியில் இருக்கும். ஊற்றிய உடனே நுரைத்துப் பொங்கி, அந்த ஆவி பக்கத்தில் உள்ள தீயைத் தேடிப் போகும். ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

கேக்குக்குப் போடும் எசென்ஸ்: தண்ணீர் அல்லது தண்ணீரோடு கலக்கும் திரவத்தில் செய்தது. மெழுகில் கலக்காமல் அடியில் போய்த் தங்கும். எரியும்போது திரி அந்த இடத்தை எட்டியதும் சடசடவென்று தெறிக்கும்.

ஊதுவத்திக்கான சென்ட்: புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். விலை குறைவு, வாசனை தூக்கலாக இருக்கும், லூஸில் கிடைக்கும். இதை டி.இ.பி. என்ற கரைப்பானிலோ வெள்ளை எண்ணெயிலோ கலந்து விற்பது வழக்கம். குச்சியை முக்கி எடுத்துக் கனலவிடும் வேலைக்கு அது போதும். மெழுகுவத்தியில் எண்ணெய், மெழுகோடு சேர்ந்து திரி வழியாக ஏறி எரிய வேண்டும். அந்தக் கலவையில் வாசனை எவ்வளவு, கரைப்பான் எவ்வளவு என்று தெரியாததால் நீங்கள் போடும் சதவீதக் கணக்கே பொய்யாகிவிடும்.

நானும் ஆரம்பத்தில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் லூஸில் மல்லிகை வாங்கி வந்து ஊற்றியவள்தான். மறுநாள் காலை மெழுகின் மேல் பனித்துளிபோல் எண்ணெய் முத்துமுத்தாக நின்றது. துடைத்துவிட்டு ஏற்றினேன். அரை மணி நேரத்தில் திரியிலிருந்த தீ மேல்பரப்பு முழுக்கப் படர்ந்தது. பக்கத்தில் இருந்த சாப்பாட்டுத் தட்டால் மூடியதோடு போயிற்று. முதல் படியில் தட்டைப் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுதான் காரணம்.

மிஞ்சுவது இரண்டு: மெழுகுவத்திக்கென்றே தயாரித்த ஃபிராக்ரன்ஸ் ஆயில், செடியிலிருந்து வடித்த எசென்ஷியல் ஆயில். "இயற்கையானது, அதனால் பயமில்லை" என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லவங்கப்பட்டை எண்ணெய் நீர்த்துப்போகாமல் தோலில் பட்டால் எரியும். அடிக்கடி பட்டால் ஒவ்வாமை நிலைத்துவிடும், பிறகு ஒரு துளிக்கே கை தடித்துச் சிவக்கும். பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் பட்ட கையோடு வெயிலில் போனால் தோல் வெந்ததுபோல் ஆகும். ஊட்டியிலிருந்து எல்லோரும் வாங்கி வரும் நீலகிரித் தைலம் ஏறக்குறைய 50 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். செடியிலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததா என்பது பாதுகாப்பைத் தீர்மானிப்பதில்லை. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

கற்பூரத்தைப் பொடித்து மெழுகில் போடலாமா என்று கொசுத் தொல்லை உள்ளவர்கள் கேட்பார்கள். வேண்டாம். சூட்டில் நேராக ஆவியாகும் பொருள் அது, ஆவியும் எளிதில் தீப்பற்றும்.

3. காகிதம் கேட்டு வாங்குங்கள்

நல்ல விற்பனையாளர் இரண்டு காகிதங்கள் தருவார். கேட்டதும் தரவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

முதலாவது பாதுகாப்புத் தரவுத் தாள், கடைக்காரர்கள் எஸ்.டி.எஸ். என்பார்கள். இதில் 16 பகுதிகள். அத்தனையும் படிக்க வேண்டியதில்லை. 2ஆம் பகுதியில் என்னென்ன ஆபத்து, 4இல் முதலுதவி, 8இல் கையுறை, கண்ணாடி விவரம், 9இல் ஃபிளாஷ் பாயிண்ட் (அது என்ன என்று அடுத்த படியில் சொல்கிறேன்). இந்த நான்கையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இஃப்ரா சான்றிதழ். வாசனைப் பொருட்களுக்கான சர்வதேச அமைப்பின் வரம்புகளை வைத்து, எந்த வகைப் பொருளில் அந்த எண்ணெயை அதிகபட்சம் எவ்வளவு சேர்க்கலாம் என்று சொல்லும் காகிதம். மெழுகுவத்தி 12ஆம் வகையில் வரும். அங்கே பல எண்ணெய்களுக்கு 100 சதவீதம் அல்லது கட்டுப்பாடு இல்லை என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து "எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம்" என்று எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் ஒவ்வாமை போன்ற உடல் பாதிப்பைப் பற்றியது. தீயைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் மெழுகு எவ்வளவு எண்ணெயைத் தாங்கும் என்பதை மெழுகு விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

4. ஃபிளாஷ் பாயிண்டைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இதைப் பற்றி இரண்டு தப்பான நம்பிக்கைகள் உலவுகின்றன. அந்தச் சூட்டைத் தாண்டினால் எண்ணெய் தானாகத் தீப்பிடிக்கும் என்பது ஒன்று. அந்தச் சூட்டில் வாசனையெல்லாம் பறந்துவிடும் என்பது இன்னொன்று.

உண்மை இவ்வளவுதான்: குறிப்பிட்ட சூட்டில் எண்ணெயின் மேல் சேரும் ஆவி, பக்கத்தில் தீப்பொறி இருந்தால் குப்பென்று பற்றும் அளவுக்கு அடர்த்தியாகிவிடும். அந்தச் சூடுதான் ஃபிளாஷ் பாயிண்ட். தீ இல்லாவிட்டால் பற்றாது. ஆரஞ்சு எண்ணெய்க்கு அது 50 டிகிரிக்கும் கீழே. கிராம்பு, சந்தன எண்ணெய்களுக்கு 100க்கு மேல்.

இதிலிருந்து இரண்டு விதிகள். எண்ணெயைத் தனியாக அடுப்பில் வைத்துச் சூடுபண்ணவே கூடாது, குளிரில் கெட்டியாகிவிட்டாலும் சரி. புட்டியை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் இளகிவிடும். அடுத்தது, புட்டி திறந்திருக்கும் நேரத்தில் அறையில் எங்கும் தீ இருக்கக் கூடாது.

ஜெல் மெழுகில் செய்பவர்கள் மட்டும் இந்த அளவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஜெல்லுக்கு 77 டிகிரிக்கு மேல் ஃபிளாஷ் பாயிண்ட் உள்ள, ஜெல்லில் கலக்கும் என்று விற்பவரே உறுதி சொல்லும் எண்ணெயை மட்டும் எடுங்கள். கலக்காத எண்ணெய் ஜெல்லுக்குள் திட்டுத்திட்டாகத் தங்கி, தீ எட்டும்போது அங்கே பெரிதாக எரியும். கலவை கலங்கலாகத் தெரிந்தால் ஊற்றாதீர்கள். முதல் மெழுகுவத்தியே ஜெல்லாக வேண்டாம் என்பது என் எண்ணம்.

5. எடையில் கணக்கிடுங்கள்

மூடியால் அளப்பது, ஸ்பூனால் அளப்பது, "கண் அளவு" எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். 30 மில்லி ஆரஞ்சு எண்ணெய் ஏறக்குறைய 25 கிராம். 30 மில்லி கிராம்பு எண்ணெய் 31 கிராமைத் தாண்டும். ஒரே ஸ்பூன், வேறு வேறு சதவீதம்.

கணக்கு எளிது. 500 கிராம் மெழுகுக்கு 6 சதவீதம் என்றால் 30 கிராம் எண்ணெய். சோயா மெழுகுக்கு 6 சதவீதத்தில் தொடங்குங்கள். மெழுகு விற்பவர் சொன்ன உச்ச வரம்பை, பெரும்பாலும் அது 10, எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள். சாதாரண பாரஃபினில் 3 அல்லது 4 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்கள். ஜெல்லில் 3க்கு மேல் போக அவசரப்பட வேண்டாம்.

சோதனை அளவு சின்னதாக இருந்தால் தராசின் பிழை பெரிதாகும். 200 கிராம் மெழுகில் ஒரு கிராம் கூடினால் அரை சதவீதம் கூடிவிட்டது.

இப்போது எல்லோரும் செய்யும் தவறு. வாசனை போதவில்லை என்று தோன்றியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றுவது. மெழுகு ஓர் அளவுக்கு மேல் எண்ணெயைப் பிடித்து வைக்காது. மிஞ்சியது மேலே வியர்த்து நிற்கும், அல்லது அடியில் தேங்கும். வியர்த்த எண்ணெய்க்குத் திரி தேவையில்லை, மேல்பரப்பிலேயே எரியும். எண்ணெய் கூடியதால் திரி அடைத்துக்கொண்டு தீ மங்கி, வாசனை குறைவதும் உண்டு. வாசனை வரவில்லை என்றால் முதலில் திரியின் தடிமனை மாற்றிப் பாருங்கள். சோயாவாக இருந்தால் ஊற்றி இரண்டு வாரம் பொறுங்கள். மறுநாளே ஏற்றிப் பார்த்துவிட்டு எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள்.

கணக்கு முடிந்ததும் எண்ணெயின் பெயர், வாங்கிய தேதி, மெழுகின் எடை, எண்ணெயின் எடை நான்கையும் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். பின்னால் ஒன்று தப்பானால் எதைத் திருத்துவது என்று இந்தப் பக்கம்தான் சொல்லும்.

6. இடத்தைத் தயார் செய்யுங்கள்

பூஜை அறையில் விளக்கு எரிகிறதா, ஊதுவத்தி கனல்கிறதா என்று பாருங்கள். சமையலறையில் செய்யும்போது அடுத்த பர்னரில் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதும் வழக்கமான காட்சி. எண்ணெய் ஆவி காற்றைவிட கனமானது. மேலே போகாமல் மேஜையிலிருந்து வழிந்து கீழே பரவும். தீ நாலடி தள்ளி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கேஸ் அடுப்பு மட்டும்தான் உண்டு என்றால் மெழுகு உருகியதும் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, ஜக்கை வேறு மேஜைக்குக் கொண்டுவந்த பிறகே எண்ணெய்ப் புட்டியைத் திறங்கள்.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை இருந்தால் அவர்கள் வேறு அறையில் இருக்கட்டும். ஒருநாளில் நாலைந்து வாசனைகளைக் கலந்து பார்ப்பதும் வேண்டாம். தலைவலி வந்தால் வெளியே போங்கள். "பழகிவிடும்" என்று உட்கார்ந்திருப்பது நல்லதல்ல.

7. உருக்கிக் கலத்தல்

அகலப் பாத்திரத்தில் நீர் ஊற்றி, ஜக்கை அதில் வைத்து மெழுகை உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் அடியில் சூடு எவ்வளவு என்று தெரியாமலே ஏறும். நீர் நடுவில் இருந்தால் 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றிய டபுள் பாய்லரும் நேரடி அடுப்பும் ஒன்றுதான்.

ஜக்கைத் தூக்கும்போது அதன் அடியைத் துணியால் துடையுங்கள். சொட்டும் நீர் அச்சுக்குள் போனால் பின்னால் அந்த மெழுகுவத்தி தெறித்துத் தெறித்து எரியும்.

எண்ணெய் ஊற்றும் சூடு மெழுகுக்கு மெழுகு மாறும். பெரும்பாலான சோயா மெழுகுகளுக்கு 75 முதல் 85 டிகிரி. குறைவான சூட்டில் ஊற்றினால் எண்ணெய் சரியாகச் சேராமல் தனியாக ஒதுங்கும், அது 5ஆம் படியில் சொன்ன வியர்வையில் கொண்டு விடும். ரொம்பச் சூட்டில் ஊற்றினால் ஆவி கூடும், வாசனையும் வீணாகும். முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு மெல்ல ஊற்றுங்கள். முகர்ந்து பார்க்கக் குனியாதீர்கள். பிறகு இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள். கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம். மனக்கணக்கில் அது முப்பது நொடியில் முடிந்துவிடும்.

எண்ணெய் சேர்த்த மெழுகைத் திரும்ப அடுப்பில் ஏற்றுவதைத் தவிருங்கள். இறுகிவிட்டால் தீயில்லாமல் வெந்நீரில் வைத்து இளக்குங்கள்.

8. எதில் ஊற்றுகிறீர்கள்?

வாசனை மெழுகு வாசனையில்லாத மெழுகைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறலாம், எனவே பாத்திரம் முக்கியம். தடித்த, சூடு தாங்கும் கண்ணாடி நல்லது. ஒயின் கிளாஸ் போன்ற மெல்லிய கண்ணாடி விரிசல் விடும்.

சிரட்டையில் ஊற்றுவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் சிரட்டை எரியும் பொருள், அதுவும் எண்ணெய் ஊறிய சிரட்டை. மண் அகலும் எண்ணெயை உறிஞ்சி வெளிப்பக்கம் கசியவிடும். உள்ளே சூடு தாங்கும் பூச்சு இல்லாத அகலைக் கார்த்திகைக்கு நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றுவதோடு விட்டுவிடுங்கள். கொலுவுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கிறேன் என்று மேலே காய்ந்த ரோஜா இதழ், பட்டை, ஏலக்காய் தூவுகிறார்கள். மெழுகு உருகியதும் அவை ஒவ்வொன்றும் ஒரு திரி.

9. ஏற்றிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்

ஒரு வாசனைக்குச் சரியாக எரிந்த திரி இன்னொரு வாசனைக்குச் சரியாக எரியாது. எண்ணெய் மாறினால் மெழுகின் இளக்கம் மாறும், திரி இழுக்கும் வேகமும் மாறும். ஒவ்வொரு வாசனைக்கும் தனியாகச் சோதனை வேண்டும். கூடவே எண்ணெயே சேர்க்காத ஒன்றையும் செய்து பக்கத்தில் எரியவிட்டால் குறை எண்ணெயிலா, திரியிலா என்று தெரிந்துவிடும்.

திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்டி, தட்டில் வைத்து ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், பிறகு அணைத்து ஆறவிட்டு மறுபடி, அடி வரை. மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதுங்கள்: தீயின் உயரம், புகை, திரி நுனியில் காளான்போல் கரி கட்டுகிறதா, கண்ணாடியின் சூடு. தீ 75 மில்லிமீட்டரை நெருங்கினாலோ, இரண்டு இடத்தில் எரிந்தாலோ, கண்ணாடியைத் தொட முடியாமல் போனாலோ உடனே அணையுங்கள். அந்தக் கலவை தோற்றுவிட்டது.

முதல் நான்கு மணி நேரம் அழகாக எரிந்ததைப் பார்த்து விற்பனைக்கு எடுத்துவிடுவார்கள். விபத்து பெரும்பாலும் கடைசியில்தான். மெழுகு குறைந்து தீ அடித்தட்டை நெருங்கும்போது கண்ணாடி அதிகமாகச் சூடேறி வெடிக்கும். அதனால் கடைசி ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே அணைக்கச் சொல்லி லேபிளில் எழுதுங்கள். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், திரைச்சீலைக்கும் குழந்தைக்கும் எட்டாத இடம், ஆளில்லாத அறையில் எரியவிடக் கூடாது என்பவையும் லேபிளில் வர வேண்டும்.

10. தவறிப்போனால்

தீ: அடுப்பை அணை, தட்டால் மூடு, தொடாதே. இந்த மூன்றுதான். தண்ணீர் ஊற்றினால் அது கொதிக்கும் மெழுகுக்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை அறை முழுக்க வீசும். எரியும் ஜக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடாதீர்கள். ஆறும்வரை மூடியைத் திறந்தும் பார்க்காதீர்கள். அடங்கவில்லை என்றால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101ஐ அழையுங்கள்.

சூடான மெழுகு கையில் பட்டால்: இருபது நிமிடம் குழாய் நீரில் பிடியுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவ வேண்டாம்.

எண்ணெய் கண்ணில் பட்டால்: பதினைந்து நிமிடம் நீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் போங்கள்.

குழந்தை குடித்துவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108ஐ அழையுங்கள், புட்டியையும் அந்தத் தரவுத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்தவை சிறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பு வரவழைக்கும்.

11. மிச்ச எண்ணெய்

அடர்பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், இறுக மூடி, பூட்டுள்ள அலமாரியில். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். வேலூரிலோ மதுரையிலோ மே மாதத்தில் வெளியிலேயே 40 டிகிரி. கொட்டகைக்குள் ஆரஞ்சு எண்ணெயின் ஃபிளாஷ் பாயிண்டே வந்துவிடும். வெயிலில் நிற்கும் காரும் அப்படியே.

திறந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை, லாவண்டர் எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பழையதாகும்போது தோலை அதிகம் உறுத்தும். நாற்றம் மாறியிருந்தால் மெழுகில் சேர்க்க வேண்டாம்.

மீந்த எண்ணெயையும் மெழுகையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், மெழுகு குழாயில் இறுகிக்கொள்ளும். ஜக் இளஞ்சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் வழித்துத் துடைத்து, காகிதம் முழுதாக ஆறிய பிறகு மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். அதை அடுப்பு பற்றவைக்க எடுத்து வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. எண்ணெய் ஊறிய காகிதம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாகப் பிடிக்கும்.